முதன்முறையாக அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கப் போகிறோம்: எந்தப் பாதை, எந்த அறை?

அலைதேடி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் மேற்கொள்ளும் முதல் நீண்ட பயணமாக, வரும் அக்டோபரிலோ நவம்பரிலோ ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தைத் தவிர்த்துக் கப்பலிலேயே போய்ச் சேரலாம் என்று எண்ணியிருக்கிறோம். இதற்கு முன் நாங்கள் கப்பலில் சென்றது ஒரே ஒரு முறைதான். அதுவும் மத்தியதரைக் கடலில் நாள்தோறும் ஒரு துறைமுகத்தில் இறங்கி ஏறிய நான்கு இரவுப் பயணம். ஆறேழு நாள் கரையே கண்ணில் படாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்பதை எங்களால் ஊகிக்க முடியவில்லை.

இரண்டு பயணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, சவுத்தாம்ப்டனில் ஏறி ஏழு இரவுகள் கழித்து நியூயார்க்கில் இறங்குவது. வழியில் எங்கும் நிற்காது. மற்றொன்று, பார்சலோனாவில் ஏறி, கேனரி தீவுகளில் ஒரு நாள் நின்று, பதினான்கு இரவுகளுக்குப் பிறகு மயாமியில் இறங்குவது. நாட்கள் இரு மடங்காக இருந்தும் இரண்டாவதன் கட்டணம் முதலாவதை ஒட்டியே இருக்கிறது. இவ்வளவு மலிவாகக் கொடுப்பதற்குப் பின்னால் ஏதேனும் குறை இருக்குமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

என் மனைவிக்கு மலைப்பாதையில் பேருந்து ஏறினாலே குமட்டும். நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவன். எந்தப் பாதை, எந்தத் தளத்தில் எந்த அறை, புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை எவை என்று, ஏற்கெனவே சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நங்கூரம் எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. நான் உங்கள் முதல் பயணம் செல்லும் வடக்குப் பாதையில் இரண்டு முறையும், இரண்டாவது பயணம் செல்லும் தெற்குப் பாதையில் ஒரு முறையும் கடந்திருக்கிறேன். முதலில் உங்கள் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல்களுக்குக் குளிர்காலத்தில் அங்கே போதிய பயணிகள் கிடைப்பதில்லை; ஆகவே இலையுதிர் காலத்தில் அவை கரீபியக் கடலுக்கு இடம்பெயர்ந்து, வசந்தத்தில் திரும்புகின்றன. எப்படியும் கடந்தே ஆக வேண்டிய கடலை வெற்று அறைகளோடு கடப்பதைவிடக் குறைந்த விலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது இலாபம் என்பதுதான் அந்த மலிவுக்குக் காரணம். விடுமுறைக் காலம் இல்லாததாலும், தொடர்ந்து ஏழெட்டு நாள் கடலிலேயே இருக்கப் பலர் விரும்பாததாலும் விலை மேலும் இறங்குகிறது. கப்பலில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த இரண்டும் வெவ்வேறு வகைக் கப்பல்கள் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே கால அட்டவணைப்படி ஓடுவது குயின் மேரி 2. 2004ஆம் ஆண்டு சேவைக்கு வந்த இந்தக் கப்பல், வட அட்லாண்டிக்கின் அலைகளை எதிர்கொள்வதற்கென்றே கட்டப்பட்டது: 345 மீட்டர் நீளம், கூர்மையான நெடிய முன்பகுதி, கனத்த உடற்பகுதி. உங்கள் இரண்டாவது பயணத்தின் கப்பல் பெரும்பாலும் உல்லாசப் பயணத்துக்கென்று கட்டிய, பால்கனிகள் அடுக்கிய மிதக்கும் விடுதியாக இருக்கும். அமைதியான தெற்குப் பாதைக்கு அது தாராளமாகப் போதும். வடக்குப் பாதையில் நவம்பருக்குப் பிறகு அத்தகைய கப்பலில் நான் ஏற மாட்டேன். இது என் சொந்தக் கருத்து.

வடக்குப் பாதையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். நீங்கள் மேற்கு நோக்கிப் போவதால் காற்றின் வேகத்தோடு கப்பலின் வேகமும் சேர்ந்து முகத்தில் அறையும்; கப்பல் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் செல்லும்போது திறந்த தளத்தில் தொப்பி தங்காது. தெற்குப் பாதையில் நிலைமை தலைகீழ்: கேனரி தீவுகளைத் தாண்டியதும் வடகிழக்கு வணிகக் காற்று கப்பலைப் பின்னாலிருந்து தள்ளும். 1492இல் கொலம்பஸ் கேனரி தீவுகளிலிருந்து ஐந்து வாரங்களில் மறுகரையைத் தொட்டது இந்தக் காற்றின் தயவால்தான். நாளுக்கு நாள் வெயில் ஏறி, மூன்றாம் நாள் ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிடலாம்.

மேற்கு நோக்கிச் செல்வதில் ஒரு பெரும் இலாபம் உண்டு. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஐந்து மணி நேர வேறுபாடு இருப்பதால், ஏழு இரவுகளில் ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பி வைப்பார்கள். நாள் 25 மணி நேரமாகிவிடும். இறங்கும்போது உடல் புதிய நேரத்துக்குப் பழகியிருக்கும். கிழக்கு நோக்கித் திரும்பும்போது அதே ஐந்து மணி நேரத்தைப் பறிகொடுக்க வேண்டும். அப்படி ஒரு முறை சென்றபோது நான்காம் நாள் முதல் காலை உணவுக்குச் சரியான நேரத்தில் எழுந்த நினைவே எனக்கு இல்லை. ஆகவே முதல் பயணத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த திசை சரியானது.

அறையைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம். சீசாப் பலகை போல ஏறி இறங்கும் ஒரு பொருளின் முனைகளே அதிகம் ஆடும், நடு குறைவாக ஆடும். நீருக்கடியில் இருபுறமும் சிறகு போல நீட்டப்படும் ஸ்டெபிலைசர்கள் பக்கவாட்டு உருளலை நன்றாகக் குறைக்கும். ஆனால் அணியம், அதாவது கப்பலின் முன்முனை, எழும்பி விழுகிற அசைவை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. மேல்தள முன்பகுதி அறைகள் படத்தில் அழகாகத் தெரியும். உங்கள் மனைவிக்கு அவை வேண்டவே வேண்டாம். என் முதல் பயணத்தில் அப்படி ஓர் அறையில் இருந்தேன். இரண்டாம் இரவு காற்று பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் எட்டாம் நிலையைத் தொட்டபோது அலமாரிக்குள் வெறும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்த பிறகுதான் தூங்க முடிந்தது. மேசை இழுப்பறை தானாகத் திறந்து மூடிய ஓசைக்கு மடித்த காகிதத்தைச் செருகினேன். காலையில் பார்த்தால் நீச்சல் குளத்தில் நீரை வடித்துவிட்டு வலை கட்டியிருந்தார்கள். மின்தூக்கி அருகில் வாந்திக்கான காகிதப் பைகள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. அன்று பகல் நடுப்பகுதியில் இருந்த நூலகத்துக்குப் போனபோது அதே கடல் வேறு கடலாக இருந்தது. தேநீர்க் கோப்பை மேசையிலேயே நின்றது.

வடக்குப் பாதையில் பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள் என்றும் சொல்வேன். அக்டோபர் இறுதியில் அங்கே உட்கார முடிந்த நேரம் எனக்கு மொத்தம் ஒரு மணிகூட இராது.

மேற்குக்காற்று எழுதுகிறார்:

மேலே நண்பர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். பால்கனி விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தெற்குப் பாதையில் நாங்கள் பால்கனி அறை எடுத்தோம். ஆறாம் நாள் அதிகாலை, அலை நுரைக்கு மேலே பறக்கும் மீன்கள் கூட்டமாகத் துள்ளிச் சென்றதை இரவு உடையிலேயே நின்று பார்த்த இன்பம், பொதுத் தளத்தில் ஐம்பது பேருக்கு நடுவே கிடைக்காது. பாதையை முடிவு செய்த பிறகு பால்கனியை முடிவு செய்யுங்கள் ஐயா.

அக்டோபர், நவம்பர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் நடுவில். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. சூறாவளி நகரும் வேகத்தைவிடக் கப்பல் பொதுவாக விரைந்து செல்லும், பல நாள் முன்னறிவிப்பும் உண்டு, ஆகவே கேப்டன் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அந்தச் சுற்றலுக்கு விலையாகப் போவது உங்கள் ஒரே துறைமுகமாக இருக்கலாம். எங்கள் பயணத்தில் அசோர்ஸ் தீவுகளின் பொன்டா டெல்காடாவில் நிற்பதாக இருந்தது. காலை உணவின்போது தீவின் பச்சை மேடுகள் கண்ணெதிரே தெரிந்தன. பெரிய அலைகள் அடங்காததால் கப்பல் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு அப்படியே மேற்கே திரும்பியது. துறைமுகத்தை விட்டுச் செல்லும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்பது பயண ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கேனரி தீவுகளைப் பார்ப்பதற்காகவே இரண்டாவது பயணத்தை எடுக்கிறீர்கள் என்றால் வேண்டாம். கடல் நாட்களுக்காக எடுத்து, தீவு கிடைத்தால் மகிழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடல் நாட்களை எப்படிக் கழிப்பது என்ற கவலை இரண்டாம் நாளே போய்விடும். நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடம், கடலின் ஆழம், காற்றின் வேகம் ஆகியவற்றை அறிவிப்பார். நான் ஒரு சிறிய வரைபடம் கொண்டுபோய் ஒவ்வொரு நாளும் புள்ளி வைத்து வந்தேன், நான்காம் நாளிலிருந்து அடுத்த மேசைக்காரர்களும் பார்க்க வந்துவிட்டார்கள். சொற்பொழிவு, நடன வகுப்பு, சீட்டாட்டம் எல்லாம் நடக்கும். குயின் மேரியில் கோளரங்கமும், பெரிய நூலகமும், நாய்களுக்கான தனிக் கூடங்களும்கூட உண்டு. எல்லாவற்றுக்கும் போக வேண்டும் என்று அட்டவணை போட்டுக்கொள்பவர்கள்தான் களைத்துப்போகிறார்கள்.

தாதியர்அறை எழுதுகிறார்:

அம்மாவின் குமட்டலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். நான் செவிலியராக இருந்தவள். ஆனாலும் என் முதல் கடப்பில் செய்யக்கூடாத தவற்றைச் செய்தேன். குமட்டல் வரட்டும், பிறகு மாத்திரை போடலாம் என்று இருந்தேன். வந்த பிறகு விழுங்கிய மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்றவை அசைவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். தூக்கம் வரும், வாய் உலரும். மதுவோடு சேர்க்கக் கூடாது. வீட்டிலிருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பார்த்து, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை ஒன்று மூன்று நாள் வரை வேலை செய்யும். குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதியவர்களுக்குச் சில வேளை மனக்குழப்பமும் தரும். இன்னொன்று: என் தோழி பட்டையை ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்துவிட்டார். ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து, அன்று முழுவதும் மெனு அட்டையை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒட்டியதும் சோப்பால் கை கழுவ வேண்டும்.

மருந்தைத் தவிர உதவுபவை எளியவை. தொடுவானத்தைப் பார்த்தபடி நடுத்தளத்தில் நிற்பது, வயிற்றைக் காலியாக விடாமல் உலர்ந்த பிஸ்கெட்டோ ஆப்பிளோ சிறிது சிறிதாகத் தின்பது, இஞ்சி, புத்தகத்தையும் கைப்பேசித் திரையையும் மூடி வைப்பது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாட்களில் உடல் பழகிவிடும்.

ஐயா, உங்கள் இரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்; அவை அறைக்கு வந்து சேரச் சில வேளை இரவு உணவு நேரமாகிவிடும். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் ஒவ்வொரு ஆலோசனைக்கும் தனிக் கட்டணம். நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாத தூரத்தில் கப்பல் பல நாள் இருக்கும். நிலைமை மோசமானால் அசோர்ஸ் தீவுகளுக்கோ நியூஃபவுண்ட்லாந்துக்கோ திரும்ப வேண்டிவரலாம். அவசர மருத்துவ வெளியேற்றத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். ஏற்கெனவே உள்ள இரத்த அழுத்தத்தை விண்ணப்பத்தில் மறைக்கவும் வேண்டாம், கோரிக்கையை நிராகரிக்க அதுவே அவர்களுக்குப் போதும். சாப்பாட்டுக்கு முன் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோவைரஸைக் கிருமிநாசினி ஜெல் சரியாகக் கொல்வதில்லை.

பயணப்பை எழுதுகிறார்:

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. கப்பலில் போவதால் விசாவில் சலுகை ஏதும் கிடையாது. ஏறும் நாட்டுக்குள் நுழையவும், இடையில் நிற்கும் தீவின் நாட்டுக்கும், இறங்கும் நாட்டுக்கும் உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன தேவையோ அது இருக்க வேண்டும். கேனரி தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை, ஆகவே ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா விதிகள் பொருந்தும். அமெரிக்க விசா விலக்கு உள்ள நாட்டவரும் எஸ்டா என்ற இணையவழிப் பயண ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். குறை இருந்தால் துறைமுகத்திலேயே ஏற்றாமல் விட்டுவிடுவார்கள், கட்டணம் திரும்பாது. புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பது சவுத்தாம்ப்டன் பயணத்தில் நடக்காது, அடுத்த துறைமுகம் இன்னொரு கண்டத்தில் இருக்கிறது.

கப்பலில் பெட்டியின் எடையை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அந்த மயக்கத்தில் நான்கு பெட்டிகளோடு ஏறி, திரும்பும் விமானத்தில் எடைக் கட்டணத்தைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் சில எடுத்துச் சென்றால் தொப்பி, பை, அடையாள அட்டை எல்லாவற்றையும் மாட்டிவிடலாம். மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள நீட்டிப்புப் பலகை, இஸ்திரிப் பெட்டி, கெட்டில் ஆகியவற்றைச் சோதனையில் பறித்து வைத்துக்கொள்வார்கள். கைப்பேசியைக் கரை மறையும் முன்பே ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறக்கவும். கப்பலின் கைப்பேசி வலையமைப்பில் அது தானாக இணைந்தால் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறும். ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகையும் பல நிறுவனங்களில் நாள்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். விலையை ஒப்பிடும்போது அதையும் கூட்டிப் பாருங்கள், பதினான்கு இரவுக்கும் ஏழு இரவுக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும்.

அலைதேடி எழுதுகிறார்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. என் மனைவி எல்லாவற்றையும் படித்துவிட்டு, பதினான்கு நாள் வெயிலைவிட ஏழு நாள் காற்றே போதும், கப்பல் கடலுக்கென்று கட்டப்பட்டதாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அக்டோபர் முதல் வாரத்தில், நடுப்பகுதியில், கீழிருந்து இரண்டாவது பயணிகள் தளத்தில், பால்கனி இல்லாமல் சன்னல் மட்டும் உள்ள அறைக்கு முன்பதிவு செய்யப் போகிறோம். அவருக்கு இன்னொரு கேள்வி எஞ்சியிருக்கிறது: அந்தப் பாதையில் பனிப்பாறையும் மூடுபனியும் உண்டா? ஒரு காலத்தில் மூன்றரை நாளில் கடந்த கடலுக்கு இப்போது ஏழு இரவு எதற்கு என்பது என் கேள்வி.

நங்கூரம் எழுதுகிறார்:

நல்ல தேர்வு ஐயா. பனிப்பாறைகள் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே இறங்கி வரும் காலம் ஏறத்தாழ பிப்ரவரி முதல் ஜூலை வரை; அக்டோபரில் அம்மா அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பின் அமைக்கப்பட்ட சர்வதேசப் பனிப்பாறைக் கண்காணிப்பு அமைப்பு இன்றும் அந்தக் கடற்பகுதியைக் கவனித்து வருகிறது. மூடுபனி மட்டும் எந்த மாதத்திலும் வரலாம். குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் அங்கேதான் சந்திக்கின்றன. பனி கவிந்தால் இரண்டு நிமிடங்களுக்கு மிகாத இடைவெளியில் கப்பல் நீண்ட சங்கொலி எழுப்ப வேண்டும் என்பது கடல் விதி. நள்ளிரவில் அதைக் கேட்டால் ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேகத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. 1952இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் கிழக்கு நோக்கி 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. 1958இல் ஜெட் விமானங்கள் வந்த பிறகு விரைந்து போக விரும்பியவர்கள் எல்லாம் விமானத்துக்கு மாறிவிட்டார்கள். கடலில் எஞ்சியவர்களுக்கு அவசரம் இல்லை. இந்தக் குயின் மேரி 2கூட முன்பு ஆறு இரவில் கடந்தது. மெதுவாகப் போனால் எரிபொருள் மிச்சம், ஆட்டமும் குறைவு.

கடைசி இரவு ஒரு வேலை இருக்கிறது. பெட்டிகளை முந்தைய நாள் இரவே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதையும் கம்பளிச் சட்டையையும் மறந்து உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள், நான் ஒரு முறை இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டு அணிந்துகொண்டு நின்றேன். விடியலுக்கு வெகு முன்பே, பெரும்பாலும் ஐந்து மணியை ஒட்டி, கப்பல் நியூயார்க் துறைமுக வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தின் அடியில் நுழையும். புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் இடையே சில மீட்டர்தான் இருக்கும். கீழிருந்து பார்க்கும்போது இடித்தே விடும் என்று தோன்றும், மேல்தளத்தில் நிற்பவர்கள் எல்லோரும் தம்மையறியாமல் தலையைக் குனிவார்கள். அக்டோபரில் அப்போது இருட்டாகவே இருக்கும் என்பதால் சுதந்திர தேவி சிலையை விளக்கொளியில்தான் காண்பீர்கள். அது இடப்பக்கம் வரும். கூட்டம் சேர்வதற்குள், நாலரைக்கே போய் இடப்பக்கக் கைப்பிடியருகே நின்றுகொள்ளுங்கள்.